சிறிய டர்போ ரோட்ஸ்டர் கொண்டை ஊசி வளைவுகளில் எப்படி இருக்கிறது?

முதல்வளைவு:

வணக்கம். பல வருடமாக முன்சக்கர இழுவை கொண்ட ஒரு சின்ன ஹேட்ச்பேக் ஓட்டுகிறேன். இப்போது இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த கார் ஒன்றைப் பழையதாக வாங்கலாம் என்று இருக்கிறேன். மனதில் இருப்பது ஃபியட் 124 ஸ்பைடர், 1.4 லிட்டர் டர்போ, மேனுவல் கியர். அதன் அடித்தளம் மாஸ்டா எம்.எக்ஸ்-5 உடையது என்பதும், இரண்டுமே ஹிரோஷிமாவில் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை என்பதும் தெரியும். அதனாலேயே குழப்பம். டர்போ இல்லாத எம்.எக்ஸ்-5 எடுப்பதா, டர்போ உள்ள 124 எடுப்பதா?

நான் ஓட்டப்போவது பெரும்பாலும் மலைச்சாலை. ஏறும்போது அடுத்தடுத்து கொண்டை ஊசி வளைவுகள், மேலே போனதும் நீளமான வளைவுகள், பிறகு அதே வழியில் இறக்கம். படித்த விமர்சனங்கள் எல்லாம் நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் தொடுகிறது என்றே பேசுகின்றன. எனக்கு அது வேண்டாம். வளைவுக்குள் போய் வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் கார் எப்படி நடந்துகொள்கிறது? டர்போ லேக், அதாவது மிதித்த பிறகு இழுவை வரும் தாமதம், தொல்லை கொடுக்குமா? சொந்தமாக வைத்து ஓட்டுபவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

திறந்தகூரை:

நண்பரே, நான் வைத்திருப்பது அதே கார், 140 குதிரைத்திறன் வகை, ஆறு கியர் மேனுவல். ஓட்டுவதும் நீங்கள் சொல்வது போன்ற சாலைகளில்தான். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேக் இருக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு (ஆர்.பி.எம்.) கீழே இது வெறும் 1.4 லிட்டர் இன்ஜின். 2,250-லேயே 240 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சக்கரத்தைச் சுழற்றும் விசை) வந்துவிடும் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி, டர்போ நன்றாகச் சுற்றி எழுந்த பிறகு கிடைப்பது. வளைவில் நடப்பது வேறு. பிரேக் பிடிக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்துவிடுகிறோம். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகை குறைகிறது. அந்தப் புகையால்தான் டர்போவின் டர்பைன் சுற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அடைக்கிறது என்பதால் அதன் வேகமும் விழுந்துவிடுகிறது. வேலை செய்யும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல வேண்டிய சக்கரம் அது. திரும்பவும் அந்த வேகத்துக்கு எழ அதற்கு ஒரு மூச்சு நேரம் வேண்டும்.

இப்போது கொண்டை ஊசி வளைவுக்கு வாருங்கள். இரண்டாம் கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் இன்ஜின் ஏறக்குறைய 2,000 ஆர்.பி.எம்.மில் இருக்கும். வளைவு இன்னும் இறுக்கமாக இருந்து வேகம் 25-க்கு இறங்கினால் 1,700-ஐ ஒட்டி நிற்கும். அந்த நிலையில் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் மிதிப்பீர்கள். அப்போது டர்போ எழுந்து, நீங்கள் கேட்டதற்கும் அதிகமாகக் கொண்டுவந்து கொட்டும், அதுவும் ஸ்டீயரிங் இன்னும் திரும்பியிருக்கும்போதே. பின்சக்கர இழுவைக் கார் என்பதால் பின்பக்கம் லேசாக அசைந்து கொடுக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் "இந்த டர்போ மலைக்கு ஒத்துவராது" என்று சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு நொடியை வைத்துத்தான்.

ஆனால் அந்த நொடியைப் பழகிக்கொள்ளலாம். பழகிய பிறகு அதுதான் இந்தக் காரின் சுவை என்பது என் கருத்து. ஊஞ்சலைத் தள்ளுவது போலத்தான்: பலத்தை விட நேரம் முக்கியம். எனக்கு இழுவை வேண்டியது வளைவு முடியும் இடத்தில். அதனால் பிரேக்கை விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனேயே, வளைவின் உச்சியை (உள்ஓரத்தை மிக நெருங்கும் இடத்தை) தொடுவதற்கு முன்பே, ஆக்சிலரேட்டரைச் சும்மா தொட்டதுபோல ஒரு மெல்லிய அழுத்தம் கொடுத்து வைப்பேன். வேகம் கூடாது, கார் தன் கோட்டிலேயே போகும், டர்பைன் மட்டும் மெதுவாக எழும். ஸ்டீயரிங்கை நேராக்க ஆரம்பிக்கும்போது கூடவே காலையும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் இழுவை சரியாக அந்த இடத்தில் வந்து சேரும். காலில் அந்தக் கணக்கு பிடிபட்ட நாளில் இந்தச் சாலைகளே எனக்கு வேறாகத் தெரிந்தன. அதுவரை வளைவைக் கடந்துகொண்டிருந்தேன், பிறகுதான் வளைவை ஓட்ட ஆரம்பித்தேன்.

முதல் கியருக்கு இறக்கலாமே என்று கேட்பீர்கள். மிக மிக இறுக்கமான, ஏற்றமும் கூடிய வளைவுகளில் அப்படிச் செய்ய வேண்டியிருக்கும். வழக்கமாகச் செய்ய வேண்டாம். முதலுக்கும் இரண்டுக்கும் இடையில் இடைவெளி பெரிது. முதல் கியரில் வெளியே வரும்போது ஒரு உதறல், உடனே அடுத்த கியர், அந்த இடைவெளியில் டர்போ மறுபடி விழும். இரண்டாம் கியரிலேயே வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து, வேகத்தை அதிகம் கொல்லாமல் வருவது நல்லது. வட்டம் பெரிது என்றால் நம் பாதைக்குள்தான். வளைவின் மறுபக்கம் தெரியாத சாலையில் எதிர்ப்பாதையைத் தொடும் பேச்சுக்கே இடமில்லை.

நீளமான வளைவுகளுக்கு வந்தால் இந்த இன்ஜினின் அருமை புரியும். மூன்றாம் கியரில் போட்டுவிட்டு, 2,500-இலிருந்து 4,500 வரைக்குள் வளைவுக்குப் பின் வளைவாக ஓட்டிக்கொண்டே இருக்கலாம், கியர் மாற்றவே வேண்டாம். கை இரண்டும் ஸ்டீயரிங்கில், கண் சாலையில். டர்போவும் அங்கே தூங்குவதில்லை, கால் எடுத்துத் திரும்ப வைத்தால் உடனே பதில் வரும். 5,500-க்கு மேல் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். சிவப்புக் கோடு (இன்ஜின் சுற்றக்கூடிய உச்ச எல்லை) வரை விரட்டிப் பயனில்லை, அதற்கு முன்பே கியர் மாற்றுவதுதான் இதற்கு அழகு.

கியர்பாக்ஸ் ஒரு தனி விஷயம். இப்போதைய எம்.எக்ஸ்-5-இன் பெட்டி இதில் இல்லை. இந்த டார்க்கைத் தாங்க வேண்டும் என்பதால் முந்தைய தலைமுறை எம்.எக்ஸ்-5-இன் ஆறு கியர் பெட்டியைப் போட்டார்கள். குச்சி குட்டையானது, மணிக்கட்டை அசைத்தால் போதும், ஒவ்வொரு கியரும் தன் இடத்தில் போய் உட்காருவது விரலுக்குத் தெரியும்.

ஸ்டீயரிங் மின்விசையில் இயங்குவது. ஓரளவு லேசானது. சாலையின் ஒவ்வொரு பொடிக்கல்லும் கையில் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பியதும் மூக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் திரும்பும். இரண்டு இருக்கைகளும் பின்சக்கரங்களுக்குச் சற்று முன்னால்தான் இருக்கின்றன, நீங்கள் ஏறக்குறைய பின் அச்சின்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் பின்பக்கம் என்ன நினைக்கிறது என்பது கைக்கு முன் இடுப்புக்குத் தெரிந்துவிடும். ஹேட்ச்பேக்கிலிருந்து வரும் உங்களுக்கு முதல் நாளே புலப்படப்போவது இதுதான். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்களே திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். இங்கே வேலை பிரிந்துவிடுகிறது.

கார் வளைவில் கொஞ்சம் சாயும், பயப்பட வேண்டாம். சஸ்பென்ஷன் முன்னால் டபுள் விஷ்போன், பின்னால் மல்டிலிங்க். சாய்ந்து ஒரு நிலைக்கு வந்து நின்றதும் அதற்கு மேல் ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் அப்படியே போகும். கரடுமுரடான சாலையில் அந்த மென்மைதான் டயரைத் தரையோடு வைத்திருக்கிறது. மலைச்சாலை எப்போதும் பட்டுப்போல இருப்பதில்லையே.

இன்னொன்று, கூரையைத் திறந்தே ஓட்டுங்கள். ஒரே ஒரு கொக்கி, உட்கார்ந்தபடியே ஒரு கையால் பின்னால் தள்ளிவிடலாம். பாறைச் சுவரை ஒட்டிப் போகும்போது டர்போவின் மெல்லிய விசிலும், கால் எடுக்கும்போது காற்று வெளியேறும் சத்தமும் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதைவிட முக்கியம், குருட்டு வளைவுக்கு அப்பால் ஒரு பேருந்து மூச்சிரைத்து ஏறிவருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரியும். மூடிய காரில் இது கிடையாது.

ஏழாயிரம்:

மேலே எழுதியவர் அழகாக எழுதியிருக்கிறார், ஆனால் நான் எதிர்க்கட்சி. என்னுடையது எம்.எக்ஸ்-5, டர்போ இல்லாத 2.0 லிட்டர், 2018-இல் திருத்தி வந்த 184 பி.எஸ். (குதிரைத்திறன்) வகை. சிவப்புக் கோடு 7,500.

முன்கூட்டியே மிதித்து வைப்பது, டர்பைன் எழக் காத்திருப்பது, இதெல்லாம் எதற்கு? என் காரில் காலுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் யாரும் இல்லை. வளைவின் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அழுத்தினால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இழுக்கும், எடுத்தால் அந்த அளவுக்கே மூக்கு உள்ளே திரும்பும். காலாலேயே கோட்டைத் திருத்தலாம். தெரியாத சாலையில், வளைவு உள்ளே போகப் போக இறுகிக்கொண்டே வரும் இடத்தில், இது எவ்வளவு தைரியம் கொடுக்கிறது என்பதை ஓட்டினால்தான் தெரியும். டர்போக்காரர் வளைவுக்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். எனக்கு வளைவின் நடுவிலும் மனதை மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது.

டார்க் குறைவுதான், 205 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000-இல். அதனால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே கியர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரோட்ஸ்டர் வாங்குவதே அதற்குத்தானே? எடையும் 124-ஐ விடக் கொஞ்சம் குறைவு, நீளமும் 4 மீட்டருக்குள். 124-இன் நீளம் 4.05 மீட்டர். குறுகலான வளைவில் அந்தக் கூடுதல் நீளமும் கணக்கில் வரும்.

திறந்தகூரை:

ஏழாயிரம் சொல்வதில் பெரும்பகுதியை ஒத்துக்கொள்கிறேன். காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருக்கும் அந்த நேரடித் தொடர்பு டர்போவில் வராது. இறுகிக்கொண்டே போகும் வளைவைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. நீளத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். கூடுதல் நீளம் முழுக்க முன்னும் பின்னும் நீட்டிய உடல்தான். இரண்டு கார்களுக்கும் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஒரே 2,310 மில்லிமீட்டர், அதனால் வளைவில் திரும்பும் குணம் மாறவில்லை.

ஆனால் உயரத்தை மறந்துவிடக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது. டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்கு வலுவை இழக்கும், வேறு வழியில்லை. 2,000 மீட்டரில் 184 பி.எஸ். என்பது 150-ஐ ஒட்டி வந்துவிடும். டர்போ தன்னை இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டு அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடு செய்துவிடும். ஏற்றத்தில், இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு, லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பிறகு கிடைக்கும் ஒரு சின்ன நேர்ச்சாலையில் கடந்து போக வேண்டும் என்றால், மூன்றாம் கியரில் அப்படியே அழுத்திக் கடந்துவிடும் நிம்மதி பெரியது. உயரத்தில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டர்போ எழுவதற்கு முன் இருக்கும் அந்த வெறும் 1.4 லிட்டர் இன்ஜின் அங்கே இன்னும் பலவீனமாகிவிடும். அதனால் லேக் கொஞ்சம் நீளும். கீழே பழகிய கால் கணக்கை மேலே போனதும் ஒரு நூல் முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டும்.

முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் குறையாகச் சொல்கிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. அடுத்த வளைவு மட்டும் கண்ணில் இருந்தால் போதாது, அதற்கு அடுத்ததும் வேண்டும். இந்தக் கார் என்னை தூரமாகப் பார்க்க வைத்தது, அதனாலேயே என் ஓட்டம் நிதானமானது.

சின்னஇன்ஜின்:

நடுவில் நானும் ஒரு வார்த்தை. நீங்கள் பேசுவதெல்லாம் எனக்குப் பெரிய கார்கள். நான் ஓட்டுவது ஹோண்டா எஸ்660. 658 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ, 64 பி.எஸ். இன்ஜின் இருக்கைக்குப் பின்னால். ஆறு கியர் மேனுவல், எடை 830 கிலோ.

இன்ஜின் நடுவில் இருப்பதால் கொண்டை ஊசியில் கார் தன்னையே அச்சாக வைத்துச் சுழல்வது போல இருக்கும். டர்போ மிகச் சிறியது, அதனால் சீக்கிரம் எழுந்துவிடும். பின்சக்கரத்தின் மேல் எடை இருப்பதால் வெளியே வரும்போது பிடிமானத்துக்குக் குறைவே இல்லை, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தினாலும் சண்டை போடாது. 7,700 வரை சுற்றும், டர்போ இன்ஜினுக்கு அது அதிகம். வேகம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் வளைவுச் சாலையில் காரின் முழு வலுவையும் பயன்படுத்திக்கொண்டே, சட்டத்துக்கு உட்பட்ட வேகத்திலேயே ஓட்ட முடிகிறது. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

பெட்டி வைக்க இடம் கிடையாது, அதை மட்டும் மறக்காதீர்கள். கூரையைச் சுருட்டி பானட்டுக்குள் வைத்துவிட்டால் கைப்பையை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். 2022-இல் உற்பத்தியும் நின்றுவிட்டது.

முதல்வளைவு:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. இரண்டு விஷயம் கேட்க விட்டுவிட்டேன். ஒன்று, இறக்கம். சின்ன டர்போ இன்ஜின் வேகத்தைப் பிடித்து வைக்குமா, பிரேக்கையே நம்ப வேண்டுமா? இரண்டு, மழை. டர்போ திடீரென்று எழும் என்று சொன்னீர்கள், ஈரச் சாலையில் அது ஆபத்தில்லையா? கூடவே இன்னொன்று: பக்கத்தில் உட்காரப்போகிறவருக்கு மலையில் தலை சுற்றும்.

திறந்தகூரை:

இறக்கத்தில் இன்ஜின் கொஞ்சம்தான் உதவும். 1.4 லிட்டர் என்ற அளவே சின்னது. ஆக்சிலரேட்டரை விட்டவுடன் கார் கனமாகப் பின்னால் இழுக்கும் உணர்வு பெரிய இன்ஜின் கார்களில் போல இருக்காது. அதனால் ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர், சில இடங்களில் ஒன்று குறைவாக. இரண்டாம் கியரில் 4,000-ஐத் தாண்டிச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்குவது காதுக்கு ஒருமாதிரி இருக்கும், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது.

கார் லேசானது என்பது இங்கே கைகொடுக்கிறது. ஒரு டன்னை ஒட்டிய எடைதான், பிரேக்குக்கு வேலை குறைவு. பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் நேராக இருக்கும்போது உறுதியாக ஒருமுறை பிடித்து, வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் டிஸ்க் சூடு ஆறும். பழைய கார் வாங்கப்போகிறீர்கள் என்பதால் பிரேக் ஆயிலை முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிப் பழசானால் அந்த எல்லை 155 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தின் கடைசி வளைவுகளில் பெடல் பஞ்சுபோலத் தரை வரை போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் கவலை வேண்டாம்.

மழையைப் பற்றி நீங்கள் பயப்படுவது நியாயம், பாதிதான் நியாயம். டர்போ "திடீரென்று" எழுவது நாம் திடீரென்று மிதிக்கும்போது மட்டும். ஈரத்தில் நான் ஒரு கியர் கூட்டி ஓட்டுவேன். இரண்டில் எடுக்கும் வளைவை மூன்றில் எடுத்தால் இன்ஜின் சோம்பலாக இருக்கும், டார்க் மெதுவாக ஏறும், பின் டயர் அதைத் தாங்கிக்கொள்ளும். சறுக்கல் தடுப்பை அணைக்க வேண்டாம். டயர் நன்றாக இருக்க வேண்டும், அதுவும் நான்கும் ஒரே வகையாக. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று போட்ட கார்களைப் பழைய சந்தையில் நிறையப் பார்க்கலாம். பின்சக்கர இழுவையில், மழையில், அந்தக் கலவை கூடவே கூடாது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது ஒரு பின்சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றாமல் இரண்டுக்கும் வலுவைப் பகிரும் அமைப்பு, எல்லா 124-இலும் கிடையாது. இதன் வேக வகையான அபார்த் 124-இல் அந்த மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் உண்டு, கூடவே பில்ஸ்டைன் ஷாக் அப்சார்பரும் பிரெம்போ பிரேக்கும். ஐரோப்பிய அபார்த்தில் 170 குதிரைத்திறன். அந்த டிஃபரன்ஷியல் இல்லாத காரில் ஏற்றமான கொண்டை ஊசியிலிருந்து வேகமாக வெளியே வந்தால், எடை குறைந்து நிற்கும் உள்பக்கப் பின்சக்கரம் வெறுமனே சுற்றும். உடனே எலக்ட்ரானிக்ஸ் வலுவைக் குறைத்துவிடும், இழுவை எதிர்பார்த்த இடத்தில் ஒரு வெறுமை வரும். நிதானமாகக் கால் அழுத்தினால் இது நேராது. ஆனால் நீங்கள் உற்சாகமாக ஓட்டுபவர் என்றால் அபார்த் கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சவாரி கொஞ்சம் கடினம், சத்தமும் அதிகம்.

பக்கத்தில் உட்காருபவருக்கு: திறந்த கார் பெரிய உதவி. காற்று முகத்தில் படுகிறது, சாலை முழுதும் கண்ணுக்குத் தெரிகிறது. தலை சுற்றுவது வளைவால் மட்டும் இல்லை, வளைவுக்கு முன்னும் பின்னும் தலை முன்னும் பின்னுமாக ஆடுவதாலும்தான். பிரேக்கைக் கடைசி நொடியில் கடித்துவிடாமல் மெதுவாக விட்டு, டர்போ எழும்போது காலைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுத்தால் அந்த ஆட்டம் காணாமல் போகும். நன்றாக ஓட்டுகிறோமா என்று தெரிந்துகொள்ள என் வழி இதுதான்: பக்கத்தில் இருப்பவர் பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டே வருகிறாரா என்று பார்ப்பேன்.

ஸ்பானர்:

ஒர்க்ஷாப் பக்கத்திலிருந்து கொஞ்சம். கொண்டை ஊசி ஏற்றம் டர்போ காருக்குக் கடினமான வேலை. இன்ஜின் முழு வலுவில் உழைக்கிறது, காரின் வேகமோ 30, 40-தான். டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குக் காற்று போதாமல் அது சூடாகிவிடும். உள்ளே போகும் காற்று சூடானால் கணினி இக்னிஷனை (எரிபொருளைப் பற்றவைக்கும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளும், வலு கொஞ்சம் மங்கும். வெயில் நாளில், நீண்ட ஏற்றத்தின் கடைசியில் கார் சோர்ந்ததுபோலத் தெரிந்தால் பழுது என்று பதற வேண்டாம். கொஞ்ச தூரம் நேராக, காற்றுப் படும்படி ஓட்டினால் சரியாகிவிடும்.

மேலே போய்ச் சேர்ந்ததும் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், இல்லையென்றால் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டர்போவின் பேரிங்கைச் சுற்றி ஆயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சூடு இறங்க வேண்டும்.

ஆயில் மிக முக்கியம். இந்த இன்ஜினில் மல்டிஏர் என்ற அமைப்பு இருக்கிறது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகளை கேம்ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டு நேரடியாகத் திறப்பதில்லை, நடுவில் இருக்கும் இன்ஜின் ஆயிலின் அழுத்தம்தான் திறக்கிறது. ஆயில் அழுக்கானாலும், குறைந்தாலும், தவறான தரமானாலும் முதலில் பாதிக்கப்படுவது அதுதான். பழைய கார் பார்க்கும்போது ஆயில் மாற்றிய பதிவுகளைக் கேளுங்கள். பதிவு இல்லாத கார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முதல்வளைவு:

மனதில் அபார்த் உட்கார்ந்துவிட்டது. ஒரு 124-ம் ஒரு அபார்த்தும் ஓட்டிப்பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஓட்டிப்பார்க்கும் அரைமணி நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏழாயிரம்:

ஒரு எம்.எக்ஸ்-5-யும் அதே நாளில், அதே சாலையில் ஓட்டுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

திறந்தகூரை:

ஏழாயிரம் சொன்னதை அவசியம் செய்யுங்கள். அதன் பிறகும் டர்போதான் வேண்டும் என்று தோன்றினால் அந்த முடிவு உறுதியானது.

புறப்படும் முன் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டும்தான் நகரும், உங்கள் பக்கம் இழுக்க முடியாது. கை நீட்டம் சரியாக வந்தால் முழங்கால் இடிக்கிறதா, கால் வசதியாக இருந்தால் கை எட்டவில்லையா என்று பாருங்கள். கூரையை மூடி ஒருமுறை, திறந்து ஒருமுறை. உயரமானவர் என்றால் இங்கேயே முடிவு தெரிந்துவிடும். முன்னால் கையுறைப் பெட்டி கிடையாது, சாமான் வைக்கும் பெட்டி இரண்டு இருக்கைக்கும் நடுவில் பின்பக்கம் இருக்கிறது. டிக்கி 140 லிட்டர், மென்மையான பை இரண்டு நுழையும்.

இன்ஜின் சூடாகும் வரை மெதுவாக ஓட்டுங்கள். பிறகு பின்னால் யாரும் வராத இடத்தில், மூன்றாம் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தி அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் டர்போ எழுகிறது என்று ஊசியைப் பார்க்காமல், முதுகால் கவனியுங்கள். அதை இரண்டு மூன்று முறை செய்தால் உடம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். ஏறும் விதம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் தடுமாறினாலோ விட்டுவிட்டு இழுத்தாலோ ஸ்பானரிடம் கேளுங்கள்.

அடுத்தது ஒரு இறுக்கமான வளைவு, இரண்டாம் கியரில், மூன்று விதமாக. முதலில் உங்கள் ஹேட்ச்பேக்கை ஓட்டுவது போலவே. அடுத்தது வளைவின் உச்சிக்கு முன்பே மெல்லிய கால் வைத்து. மூன்றாவது அதே போல, ஆனால் இன்னும் சீக்கிரம். இந்த மூன்றுக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்து, மூன்றாவது முறை வெளியே வரும்போது முகம் மலர்ந்தால் இது உங்கள் கார். முதல் முறையே போதும், எதற்கு இவ்வளவு யோசனை என்று தோன்றினால் எம்.எக்ஸ்-5 எடுங்கள், அதிலும் ஒரு குறையும் இல்லை.

அபார்த்தை ஓட்டும்போது கரடுமுரடான பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் வழுவழுப்பான சாலையாகப் பார்த்துத்தான் கூட்டிப்போவார்கள். உங்கள் மலைச்சாலையில் ஒட்டுப்போட்ட தாரும் குழியும் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு மோசமான ஒரு தெருவை நீங்களே முன்கூட்டிப் பார்த்து வைத்துக்கொண்டு, அதில் விட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்காரப்போகிறவரையும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.